புலியின் தடமும் குறியியலின் பொறுப்பும்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் மொழித்துறைகளிலும் ஊடகவியல் துறைகளிலும் குறியியல் என்ற பெயரில் இன்று நடப்பது பெரும்பாலும் ஒரே வேலைதான். ஒரு விளம்பரமோ திரைப்படச் சுவரொட்டியோ தேர்ந்துகொள்ளப்படுகிறது. இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணை வரையப்படுகிறது. இடப்பக்கம் குறிப்பான், வலப்பக்கம் குறிப்பீடு. சிவப்புச் சேலைக்கு எதிரே இச்சை, வெள்ளைச் சட்டைக்கு எதிரே அதிகாரம், தாழ்ந்த கேமராக் கோணத்துக்கு எதிரே ஆணாதிக்கம். இறுதி இயலில் கருத்தியல் கையும் களவுமாகப் பிடிபடுகிறது. அந்தப் பொருள் யாருக்குப் புலப்பட்டது, எந்தப் பழக்கத்தின் வழியாகப் புலப்பட்டது, அது தவறாக இருந்தால் எப்படித் தெரியவரும் என்ற வினாக்கள் வாய்மொழித் தேர்வில்கூட அரிதாகவே எழுகின்றன.

இதை ஆய்வேட்டு உலகின் சிறு சோம்பல் என்று விட்டுவிடலாம். ஆனால் பண்பாடு, சமூகம், இயற்கை ஆகிய மூன்றிலும் பொருள் எவ்வாறு உண்டாகிறது என்பதை ஆராயும் துறை தான் என்று குறியியல் உரிமை கோருகிறது. அந்த உரிமைக்கு ஒரு பொறுப்பும் உண்டு. மேற்சொன்ன வினாக்களைக் கேட்காமல் ஒரு நாடே குறிகளை வாசித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சான்று இருக்கிறது. அது எந்தக் குறியியல் பாடத்திட்டத்திலும் இடம்பெறத் தக்கது. வாசிக்கப்பட்ட குறி, புலியின் பாதத்தடம்.

1960-களில் ஒடிசாவின் வன அலுவலர் சரோஜ் ராஜ் சௌத்ரி, தடங்களைக் கொண்டு புலிகளை எண்ணும் முறையை வகுத்தார். பின்னாளில் சிம்லிபால் புலிகள் காப்பகத்தின் முதல் கள இயக்குநராக இருந்தவர் அவர். காயிரி என்ற பெண்புலியைத் தம் வீட்டில் வளர்த்ததற்காகவும் அறியப்பட்டவர். புலியை அருகிருந்து அறிந்த ஒருவர் வகுத்த முறை அது என்பதை மறந்துவிடக் கூடாது. 1972-இல் நடந்த முதல் அகில இந்தியக் கணக்கெடுப்பு இம்முறையில் 1,827 புலிகள் என்ற எண்ணைத் தந்தது. அடுத்த ஆண்டு புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாட்டின் புலிக் கணக்கு முழுவதும் தடத்தின் மேலேயே நின்றது.

செய்முறை எளியது. குறித்த சில நாட்களில் வனக்காப்பாளர்கள் தத்தம் எல்லைக்குட்பட்ட மண்பாதைகளிலும் ஓடைக்கரைகளிலும் நடப்பார்கள். தெளிவான தடம் கிடைத்தால் அதன்மேல் கண்ணாடித் தகட்டை வைத்து விளிம்பை வரைவார்கள். அதிலிருந்து தாளுக்கு மாற்றி, இடம், நாள், மண்ணின் தன்மை, நடையின் நீளம் ஆகியவற்றைக் குறிப்பார்கள். சில தடங்களுக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சும் எடுக்கப்படும். பின்னர் அலுவலகத்தில் தாள்கள் அனைத்தும் ஒன்றாக வைத்து ஒப்பிடப்படும். ஒரே புலியுடையவை என்று தோன்றுபவை ஒன்றாகச் சேர்க்கப்படும். மிஞ்சியவை எத்தனையோ அத்தனை புலிகள். மாதிரி எடுப்பதோ பிழைவீச்சு கணிப்பதோ இம்முறையில் இல்லை. ஒவ்வொரு புலியும் தனித்தனியாக எண்ணப்பட்டுவிட்டது என்பதே அதன் உரிமைகோரல்.

ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்திலுள்ள சரிஸ்கா காப்பகத்தில் 2004-ஆம் ஆண்டுக் கணக்குப்படி பதினைந்துக்கு மேற்பட்ட புலிகள் இருந்தன. 2005-இன் தொடக்கத்தில் ஒன்றுகூட இல்லை என்பது உறுதியாயிற்று. கள்ள வேட்டை அவற்றை முடித்திருந்தது. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. பிரதமர் அமைத்த புலிப் பணிக்குழு, சுனிதா நாராயண் தலைமையில், அவ்வாண்டு ஆகஸ்டில் அறிக்கை தந்தது. குறியியல் மாணவர் ஊன்றிப் படிக்க வேண்டிய செய்தி அவ்வறிக்கையில் ஒன்று உண்டு. காப்பகத்தின் களப்பணியாளர்கள் புலியை நேரில் கண்டதாகப் பதிந்த எண்ணிக்கை ஆண்டுதோறும் சரிந்துகொண்டே வந்திருந்தது. அதே ஆண்டுகளில் தடக் கணக்கு பெரிய மாற்றமின்றி நின்றது. இரண்டு பதிவுகளும் ஒரே நிர்வாகத்தின் கையில்தான் இருந்தன. ஒன்று வாசிக்கப்பட்டது, மற்றொன்று வாசிக்கப்படவில்லை.

இத்தோல்விக்கு ஊழல், அலட்சியம், ஆள் பற்றாக்குறை எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. அவை அனைத்தும் உண்மையே. ஆனால் அவற்றுக்கு அடியில் குறி பற்றிய ஒரு பிழையும் இருந்தது. ஊழலற்ற அலுவலர்களும் அந்தப் பிழையைச் செய்திருப்பார்கள் என்பதால் அது தனித்துப் பேசத் தக்கது.

சார்ல்ஸ் சாண்டர்ஸ் பெர்ஸ் வகுத்த குறிப் பகுப்பில் தடம் என்பது சுட்டுக்குறி. பொருளோடு ஒப்புமை கொண்டதால் குறியாவது உருக்குறி. வழக்கின் வலிமையால் குறியாவது மரபுக்குறி. பொருளோடு உண்மையான இருப்புத் தொடர்பு கொண்டதால் குறியாவது சுட்டுக்குறி. ராபின்சன் குரூசோ மணலில் கண்ட தடத்தைப் பெர்ஸே எடுத்துக்காட்டாகப் பேசியிருக்கிறார். தீவில் வேறோர் உயிர் இருக்கிறது என்பதற்கு அது சுட்டுக்குறி. மனிதன் என்ற எண்ணத்தை எழுப்பியதால் அதுவே மரபுக்குறியாகவும் செயல்பட்டது. தடம் அவ்வளவுதான் சொல்லும். வந்தவன் யார், அவன் பெயர் என்ன என்பதைச் சொல்லாது.

புலிக் கணக்கெடுப்பு தடத்திடம் கேட்டதோ பெயரை. 'இங்கே ஒரு புலி நடந்தது' என்பது ஒரு கூற்று. 'இங்கே நடந்தது அதோ அந்தப் புலி, நேற்று ஓடையருகே நடந்த புலி வேறு' என்பது முற்றிலும் வேறான கூற்று. முதலாவதற்கு இருப்புத் தொடர்பு போதும். இரண்டாவதற்குத் தடத்தின் உருவம் புலிக்குப் புலி மாறவும் வேண்டும், ஒரே புலிக்கு எங்கும் மாறாமல் இருக்கவும் வேண்டும். ஈரச் சேற்றில் தடம் விரியும், பொடிமண்ணில் விளிம்பு சரியும், சரிவில் நீளும், ஓடும்போது உருக்குலையும். வரைபவரின் கை வேறு. சுட்டுக்குறியாகத் தொடங்கிய ஒன்று, கண்ணாடித் தகட்டின் வழியே உருக்குறியாகி, அலுவலகக் கோப்பில் தனிப்பெயராக முடிந்தது. குறியின் வகை இருமுறை மாறியதை எவரும் கவனிக்கவில்லை. உல்லாஸ் கரந்த் போன்ற உயிரியலாளர்கள் 1980-களிலிருந்தே இதைச் சுட்டிக்காட்டினர். கூண்டுப் புலிகளின் தடப்படங்களை அனுபவமிக்க வன அலுவலர்களிடம் தந்து எத்தனை புலிகள் என்று கேட்டுப் பார்த்த சோதனையில் அவர்களால் சரியாகப் பிரித்தறிய இயலவில்லை. தடத்தின் அளவுகளைப் புள்ளியியல் முறையில் பகுத்தால் தனிப்புலியை ஓரளவு அடையாளம் காணலாம் என்று பின்னர் வந்த ஆய்வும் உண்டு. ஆனால் அது கட்டுப்பாடான நிலைமைகளில், அளவுகோலோடு. காட்டுப் பாதையில் கண்மதிப்பாகச் செய்யப்பட்டது அதுவன்று.

இந்தியத் தருக்க மரபில் பயின்றவர்க்கு இப்பிழை புதிதன்று. புகையைக் கொண்டு நெருப்பை அறிவதில் ஏதுவுக்கும் சாத்தியத்துக்கும் இடையே பிரியாத் தொடர்பு வேண்டும் என்று நியாய நூலார் வலியுறுத்தினர். மணிமேகலையின் 29-ஆம் காதை அறவண அடிகளின் வாயிலாக ஏதுப்போலிகளை வகைப்படுத்தி விரிக்கிறது. அவற்றுள் ஒன்று அநைகாந்திகம், அதாவது ஒரு முடிவுக்கே உரியதாகாமல் வேறிடத்தும் செல்லும் ஏது. புலி என்ற முடிவுக்குத் தடம் நல்ல ஏது. இன்ன புலி என்ற முடிவுக்கு அது அநைகாந்திகம். குறியியலை ஐரோப்பாவிலிருந்து வந்த இறக்குமதிச் சரக்காக மட்டும் காண்போர் இதைக் கணக்கில் கொள்ளலாம். இந்திய மரபில் குறி பற்றிய கூர்மையான சிந்தனை அணியிலக்கணத்திலும் சொல்லிலக்கணத்திலும் மட்டுமின்றி அளவையியலிலும் இருக்கிறது. மொழித்துறைகள் தொனிக் கோட்பாட்டைப் போற்றும் அளவுக்கு அளவையியலைத் திறந்து பார்ப்பதில்லை.

பெர்ஸின் பகுப்பைவிட முதன்மையானது அவருடைய மூன்றாம் உறுப்பு. குறிக்கும் பொருளுக்கும் இடையில் குறி எழுப்பும் விளைவு ஒன்று உண்டு. ஆங்கில நூல்களில் இண்டர்பிரட்டண்ட் என்று வழங்கும் அதைத் தமிழில் பொருள்கோள் எனலாம் (நன்னூல் பயின்றோர் இச்சொல்லைச் செய்யுளுக்குரிய வேறு பொருளில் அறிவர்; அவர்கள் பொறுத்தருள வேண்டும்). அது வாசிப்பவரின் மனத்தில் தோன்றும் கருத்தாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஒரு செயலாகவோ, நிலைபெற்ற பழக்கமாகவோ, ஓர் அமைப்பின் நடைமுறையாகவோ இருக்கலாம். பெர்ஸ் அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவர், ஊசலைக் கொண்டு புவியீர்ப்பை அளந்தவர். அளவீட்டில் பிழை எப்படி நுழைகிறது என்பதை நாள்தோறும் கண்டவர். அவருடைய குறிக் கோட்பாட்டில் பிழைபடும் தன்மைக்கு மைய இடம் இருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. சொசூர் மொழியமைப்பை ஆராய்ந்தவர். ஓர் அமைப்புக்குள் குறிகள் ஒன்றையொன்று வேறுபடுத்தி நிற்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது. அவர் நோக்கத்துக்கு அது சரி. அவருடைய இருகூற்றுக் குறியைக் காட்டுக்கும் கடைவீதிக்கும் கொண்டுசென்றவர்கள்தாம் மூன்றாம் உறுப்பை வழியில் தொலைத்தார்கள்.

சரிஸ்காவில் தடத்தின் பொருள்கோள் எது? களத்தில் நின்ற காப்பாளருக்கு அது ஓர் எச்சரிக்கை, ஒரு நினைவு, சில நேரம் ஓர் ஐயம். அலுவலகத்துக்கு அது ஒரு எண். கடந்த ஆண்டு எண்ணைவிடக் குறைந்தால் விளக்கம் கேட்கப்படும், கூடினால் பாராட்டு வரும். அத்தகைய அமைப்பில் ஐயத்துக்குரிய இரண்டு தாள்களை ஒரே புலி என்று சேர்ப்பதைவிட இரண்டு புலிகள் என்று விடுவதே எளிது. யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. பழக்கமே எண்ணைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். பொய் சொல்லப் பயன்படக்கூடிய யாவற்றையும் ஆராய்வதே குறியியல் என்று உம்பெர்த்தோ எக்கோ ஒருமுறை வரையறுத்தார். அந்த வரையறைப்படி மண்ணில் பதிந்த தடம் குறியியலின் விளிம்பில் நிற்கிறது, அது பொய் சொல்லாது. தடத்தை வரைந்த தாளோ குறியியலின் நடுமையத்தில் இருக்கிறது.

இனி இயற்கையின் பக்கம். காட்டில் குறிகளை வாசிப்பவர் மனிதர் மட்டுமல்லர். கான்ஹா போன்ற மத்திய இந்தியக் காடுகளில் புள்ளிமான் கூட்டமும் சாம்பல் மந்திக் கூட்டமும் அருகருகே திரிவது வழக்கம். மரத்தின் மேலிருக்கும் மந்திக்குத் தொலைவு தெரியும், தரையிலுள்ள மானுக்கு மோப்பம் கூர்மை. ஒன்றின் எச்சரிக்கைக் குரலுக்கு மற்றொன்று செவிசாய்க்கிறது. மந்தி மானுக்காகக் குரல் எழுப்புவதில்லை. ஆயினும் மானுக்கு அது குறியாகிறது. இவ்விரண்டையும் கேட்டுப் புலியின் நகர்வை ஊகிப்பவர் வனக்காப்பாளர். அவர் வாசிப்பது புலியையன்று, புலியை வாசித்த விலங்குகளை. புள்ளிமான் எளிதில் பதறும், கடமான் குரல் கொடுத்தால் காரணம் இருக்கும் என்று தடம் அறிந்தோர் பலர் சொல்வர். சுட்டுக்குறிகளுக்கு நம்பகத்தன்மையின் தரவரிசை உண்டு, அது தவறியும் போகும் என்ற அறிவு அக்கூற்றுக்குள் இருக்கிறது. அட்டவணைக் குறியியலில் இத்தகைய தரவரிசைக்கு இடமே இல்லை. அங்கே எல்லாக் குறிப்பான்களும் ஒரே உறுதியோடு தத்தம் குறிப்பீட்டைச் சுட்டுகின்றன.

யாகோப் ஃபான் உக்ஸ்குல் 1934-இல் வெளியிட்ட சிறுநூலில் உண்ணியைப் பற்றிய புகழ்பெற்ற பகுதி வருகிறது. கிளை நுனியில் காத்திருக்கும் உண்ணிக்குப் பாலூட்டியின் தோலிலிருந்து எழும் பியூட்டிரிக் அமிலத்தின் வாடை ஒரு குறி, உடற்சூடு ஒரு குறி, மயிரற்ற தோலின் தொடுகை ஒரு குறி. காட்டின் மற்றவை எதுவும் அதன் சூழுலகில் இல்லை. ஒவ்வோர் உயிரும் தனக்குரிய சூழுலகில் தனக்குரிய குறிகளோடு வாழ்கிறது என்ற இக்கருத்தைத் தாமஸ் செபியோக் 1960-களில் விலங்குக் குறியியலாக வளர்த்தெடுத்தார். புலிக்கும் தன் குறிகள் உண்டு. மரத்தடியில் பீய்ச்சும் வாடைநீரும் பட்டையில் கீறும் நகத்தடமும் மற்றப் புலிகளை நோக்கியவை. யார், எப்போது, எந்நிலையில் என்ற செய்தி, மனித மூக்குக்கு எட்டாத நுணுக்கத்தோடு அங்கே இருக்கிறது. மனிதர் தனிப்பெயரைத் தேடியது பாதத்தடத்தில். புலிகள் ஒன்றையொன்று அறிந்துகொள்வதோ வேறிடத்தில். உயிர்க்குறியியல் என்பது சூழலியல் உணர்ச்சியை அலங்கரிக்கும் சொல்லாகச் சுருங்கிவரும் காலத்தில் இவ்வேறுபாடு நினைவிற்கொள்ளத் தக்கது. இயற்கையில் குறிகள் நிறைந்துள்ளன என்பதிலிருந்து அவையனைத்தும் மனிதருக்கு எழுதப்பட்டவை என்ற முடிவு பெறப்படாது.

வேட்டைக்காரரின் தட வாசிப்பே மனித அறிவின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று என்று கார்லோ கின்ஸ்புர்க் 1979-இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். இலக்கியத் துறைகளில் அக்கட்டுரைக்கு ஓர் ஈர்ப்பு உண்டு. துப்பறிவாளரையும் மருத்துவரையும் விமரிசகரையும் வேட்டைக்காரரின் வாரிசுகளாக்கிவிடுவதால் விமரிசகருக்கு அது இனிக்கவே செய்யும். ஆனால் வேட்டைக்காரரின் வாசிப்பு பசியால் சோதிக்கப்பட்டது. தடத்தைத் தவறாக வாசித்தவர் அன்றிரவு வெறுங்கையோடு திரும்பினார். அலுவலகத்தில் தாள்களை அடுக்கியவருக்கு அத்தகைய சோதனை இல்லை. சுவரொட்டியை வாசிக்கும் ஆய்வாளருக்கும் இல்லை.

சரிஸ்காவுக்குப் பின் முறை மாறியது. 2006 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் தேசிய மதிப்பீட்டில் தானியங்கிக் கேமராக்கள் பயன்படுகின்றன. புலியின் வரிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தன்மை கொண்டவை. இடப்புற வரியும் வலப்புற வரியும் ஒன்றுபோல் இரா. ஆதலால் பாதையின் இருமருங்கிலும் கேமராக்கள் பொருத்தப்படுகின்றன. இங்கே தனிப்பெயரைத் தருவதற்கு உண்மையிலேயே தகுதியுள்ள குறி தேர்ந்துகொள்ளப்பட்டது. தடமோ கைவிடப்படவில்லை. முதற்கட்டத்தில் காப்பாளர்கள் நடந்து தடம், எச்சம், நகக்கீறல் ஆகியவற்றை இன்றும் பதிகிறார்கள். ஆனால் அது இப்போது புலி இங்கே உண்டு என்பதற்கு மட்டுமே சான்று. பெயர் சொல்லும் வேலையிலிருந்து விலக்கப்பட்டு, சுட்டும் வேலைக்குத் திரும்பியிருக்கிறது. குறியின் வகைப்பாடு என்பது வகுப்பறை விளையாட்டன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

எண்ணின் இயல்பும் மாறியது. 2001–02 தடக் கணக்கு நாடு முழுவதும் 3,642 புலிகள் என்றது. 2006 மதிப்பீடு 1,411 என்றது. அதோடு 1,165 முதல் 1,657 வரை என்ற வீச்சையும் தந்தது. பரப்பும் முறையும் வேறானதால் இரண்டையும் நேராக ஒப்பிட்டு அத்தனை புலிகள் இறந்தன என்று சொல்ல இயலாது. ஒருவேளை பழைய எண் அளவுக்கு அவை என்றுமே இருந்ததில்லை. ஆனால் செய்தித்தாள்களில் வீச்சு மறைந்து 1,411 மட்டும் நின்றது. விளம்பரப் பலகைகளில் அது ஒரு மந்திர எண்ணாயிற்று. 2022 மதிப்பீட்டின் 3,682-க்கும் அதே கதி. குறைந்த அளவு 3,167, உயர்ந்த அளவு 3,925 என்பது அறிக்கையில் இருக்கிறது, மேடைகளில் இல்லை. புள்ளியியல் தன் ஐயத்தை அச்சிட்டே தருகிறது. பொதுவெளியின் பொருள்கோள் அதை நறுக்கி எறிகிறது. முறை மாறினால் மட்டும் போதாது என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகமும் சாட்சி. புலிகள் அற்றுவருகின்றன என்று களத்தில் ஆய்ந்தவர்கள் முன்கூட்டியே எச்சரித்தும் அது ஏற்கப்படவில்லை. 2009-இல் அங்கும் புலி இல்லை என்பது உறுதியாயிற்று.

புலியை விட்டு நகரத்துக்கு வந்தாலும் நிலைமை அதுவே. 2012 ஜனவரியில், உத்தரப் பிரதேசச் சட்டமன்றத் தேர்தலுக்கு முன், லக்னோவிலும் நொய்டாவிலும் உள்ள பூங்காக்களில் இருந்த யானைச் சிலைகளை மூடிவைக்கத் தேர்தல் ஆணையம் ஆணையிட்டது. யானை பகுஜன் சமாஜ் கட்சியின் சின்னம். போர்த்தப்பட்ட யானைகளின் படங்கள் நாடெங்கும் வெளியாயின. மறைத்ததால் சின்னத்தின் வலிமை பெருகியது என்று பலர் எழுதினர். குறியியல் கருத்தரங்குகளுக்கென்றே வாய்த்ததுபோன்ற சுவையான முரண் அது. அந்தத் தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சி ஆட்சியை இழந்தது. இதனால் அவ்வாசிப்பு பொய்யாகிவிட்டது என்றாகாது, தேர்தல் முடிவுக்குக் காரணங்கள் ஆயிரம். ஆனால் வலிமை பெருகியது என்று எழுதியவர்களுள் எத்தனை பேர் அந்தப் பூங்காவின் வழியே வேலைக்குச் சென்ற ஒருவரிடம் போர்த்திய யானை எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள்? யானை ஒரு தலித் முதியவருக்குச் சின்னமாக மட்டும் இருந்திருக்குமா? மாநிலத் தலைநகரில் தம்முடையதென்று சொல்லிக்கொள்ள எழுந்த முதல் கல்லாக இருந்திருக்கவும் கூடும். ஆணையம் யானையைச் சின்னமாக வாசித்தது, விமரிசகர் அதை முரணாக வாசித்தார். இருவரும் தாளில் வரைந்தார்கள்.

இன்னுமொரு சிறிய எடுத்துக்காட்டு, உணவுப் பொட்டலத்தின் மேலுள்ள வண்ணப்புள்ளி. சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்ற முறை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருந்தது. சொசூரின் கண்ணுக்கு அது குறையற்ற அமைப்பு, இரண்டே உறுப்புகள், ஒன்றுக்கொன்று எதிர். ஆனால் பச்சையையும் சிவப்புச் சாயலையும் பிரித்தறிய இயலாத கண்கள் உண்டு. அக்கண்களுக்கு இரண்டும் ஒரே வட்டம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் அசைவக் குறியை முக்கோணமாக மாற்றின. உக்ஸ்குல் உண்ணியிடம் கேட்ட வினாவை யாரோ ஒருவர் நுகர்வோரின் கண்ணிடம் கேட்டதன் விளைவு அது. பண்பாட்டுக் குறி என்பதும் ஓர் உடலின் சூழுலகைக் கடந்துதான் பொருளாகிறது. சைவம், அசைவம் என்ற பகுப்புக்குள் புதைந்துள்ள சாதிய அரசியலைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம், எழுதப்பட வேண்டியவையும் ஏராளம். வட்டம் தெரியாத கண்ணைப் பற்றி அவற்றில் எதுவும் பேசியதாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். கருத்தியல் என்பது மக்கள் அறியாமலேயே செயல்படுவது, ஆதலால் அவர்களிடம் கேட்டுச் சரிபார்ப்பது பொருளற்றது என்று சொல்லப்படும். மறுப்பில் வலு உண்டு. ரோலான் பார்த் 1957-இல் வெளியிட்ட நூலில் பிரெஞ்சு நடுத்தர வர்க்கத்தின் அன்றாடத் தொன்மங்களைத் தோலுரித்தபோது கருத்துக்கணிப்பு எதையும் நடத்தவில்லை. தமிழில் தமிழவன் 1982-இல் அமைப்பியலை அறிமுகப்படுத்தியதால் விளைந்த நன்மைகளும் மறுக்கத் தக்கவையல்ல. எழுத்தாளரின் உள்ளத்தைத் தேடிக்கொண்டிருந்த விமரிசனத்தை அது பிரதியை நோக்கித் திருப்பியது. ஆனால் அறியாமல் செயல்படும் ஒன்றுக்கும் விளைவு உண்டு. விளைவு இருந்தால் அது எங்கேனும் தென்படும்: பேச்சில், வாங்கும் பொருளில், தவிர்க்கும் தெருவில், மறுக்கும் வீட்டு வாடகையில். விளைவு எங்குமே தென்படாத பொருளை விமரிசகர் மட்டும் காண்கிறார் என்றால், அப்பொருள் தாளில் மட்டுமே உள்ள புலியாக இருக்க வாய்ப்பு மிகுதி.

தமிழ்த்துறைகளுக்கே உரிய ஒரு சபலத்தையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். திணைக் கோட்பாடு உலகின் முதல் சூழலியல் குறியியல் என்ற கூற்று கருத்தரங்குகளில் இப்போது அடிக்கடி ஒலிக்கிறது. முதல், கரு, உரி என்ற பகுப்பு நிலத்தையும் உயிரினத்தையும் அக உணர்வோடு இணைத்துக் கட்டிய வியத்தகு குறியமைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது கவிதையின் மரபு. குறிஞ்சிப் பூ கூடலைக் குறிப்பது புலவருக்கும் அவரைக் கேட்போருக்கும் இடையிலான உடன்பாடு. பூவைத் தேடி வரும் தேனீக்கு அது வேறொன்றின் குறி. இரண்டையும் ஒன்றாக்குவது திணைக்கு மேலும் பெருமை சேர்க்காது. தேனீயையும் அவமதிக்கும்.

ஆய்வேட்டில் செய்யக்கூடியது சிறிதே, ஆனால் கடினம். அட்டவணையில் மூன்றாவது பத்தி ஒன்று வேண்டும்: இப்பொருள் யாருக்கு, எந்தப் பழக்கத்தால். நான்காவதாக ஒன்றும் வேண்டும்: இவ்வாசிப்பு தவறெனில் என்ன தென்பட்டிருக்கும். நான்காவது பத்தியை நிரப்ப இயலாத வரிகளை நீக்கிவிட்டால் பல ஆய்வேடுகள் பாதியாகச் சுருங்கும். நெறியாளர்கள் அதற்கு உடன்படுவார்களா என்பது வேறு கதை, பக்க எண்ணிக்கையும் பல்கலைக்கழகத்தில் ஒரு குறியாயிற்றே. பாடத்திட்டத்தில் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பணிக்குழு அறிக்கையின் சரிஸ்கா பகுதியைப் பெர்ஸின் கட்டுரைக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஒரு நாள் மாணவர்களை அருகிலுள்ள காட்டுக்கோ ஏரிக்கரைக்கோ அழைத்துச் சென்று, தடங்களை வாசிக்கத் தெரிந்த ஒருவரின் பின்னே நடக்கவிடலாம். எதைக் கண்டு அவர் முடிவுக்கு வருகிறார் என்பதைவிட, எங்கே அவர் முடிவு சொல்லத் தயங்குகிறார் என்பதைக் குறித்துவரச் சொல்லலாம். ஓய்வுபெற்ற வனக்காப்பாளர் ஒருவரைக் குறியியல் வகுப்பெடுக்க அழைப்பதற்குத் தாளின்மேல் தடையில்லை. தொழில்சார் பேராசிரியர் என்ற பதவிக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் முறையான கல்வித் தகுதியைக் கட்டாயமாக்கவில்லை, பதினைந்தாண்டு அனுபவத்தையே கேட்கிறது. உயர் பொறுப்பில் இருந்தோர்க்கு முன்னுரிமை என்றொரு சொற்றொடரும் அதில் இருக்கிறது. அச்சொற்றொடரைத் தேர்வுக்குழுக்கள் எப்படி வாசிக்கும் என்பது அவற்றின் பழக்கத்தைப் பொறுத்தது.